முருகைக்கல்லைத் தேடி மாஹே தீவுக்கு

செப்டம்பர் 6, 2024, வெள்ளி. மாஹே, செஷல்ஸ்

நான் வந்து சேர்ந்துட்டேன், பெட்டி வரல. பெல்ட் சுத்தி சுத்தி கடைசியில நின்னே போச்சு, எல்லாரும் டாக்ஸி பிடிச்சு கிளம்பிட்டாங்க, நானும் வயசான ஒரு இத்தாலிக்கார ஜோடியும் மட்டும் அந்த ரப்பர் பட்டையையே பார்த்துக்கிட்டு நின்னோம். கவுண்டர்ல இருந்த பொண்ணு ஃபார்ம் எழுதி வாங்கிட்டு, ரெண்டு மூணு நாள்ல வந்துரும், வீட்டுக்கே கொண்டாந்து தருவோம்னு சொல்லுச்சு. என் மூஞ்சியைப் பார்த்து அழுதுருவேன்னு நெனச்சிருக்கும் போல, டிராயரைத் திறந்து ரெண்டு குட்டி வாழைப்பழம் எடுத்து நீட்டி, எங்க வீட்டு மரத்துது, சாப்பிடுங்கன்னுச்சு. நம்ம ஊரு கதலி மாதிரியே இருந்துச்சு, கொஞ்சம் புளிப்பு கூட.

துணிமணி போனா பரவால்ல, மைனியோட நைட்டி இருக்கு. அந்தப் பெட்டிக்குள்ள என்னோட பத்து மடங்கு லென்ஸ் இருக்கு, அதுக்குத்தான் மனசு கிடந்து அடிச்சுக்குது.

எதுக்கு வந்தேன்னு சொல்லிடுறேன். பெரியப்பா மகன், எங்க அண்ணன், இந்தியப் பெருங்கடல்ல இருக்குற இந்தச் செஷல்ஸ் தீவு நாட்டுல ஒரு கட்டட கம்பெனியில கணக்கு பாக்குறாரு, ஆறு வருஷமா வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு, நான்தான் லீவு இல்ல, காசு இல்லன்னு தள்ளிக்கிட்டே வந்தேன். நான் தூத்துக்குடியில தண்ணி டெஸ்ட் பண்ற ஒரு லேப்ல ஐசிபி மெஷின் ஓட்டுறேன், தண்ணியில எந்தத் தனிமம் எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு அளக்குற மெஷின். போர் தண்ணி, ஆலைக் கழிவு, உப்பளத் தண்ணி எல்லாம் வரும், கால்சியம் எவ்வளவு, மெக்னீசியம் எவ்வளவு, ஸ்ட்ரான்சியம் எவ்வளவுன்னு பதினோரு வருஷமா ரிப்போர்ட் அடிச்சிருக்கேன், அதுல ஸ்ட்ரான்சியம் எண்ணை இதுவரைக்கும் ஒரு கஸ்டமர் கூட கேட்டதில்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மெஷின் சர்வீஸுக்கு வந்த இன்ஜினியர் டீ குடிச்சுக்கிட்டே பேச்சுவாக்குல, மேடம், இதே ஸ்ட்ரான்சியம், கால்சியம் ரெண்டு எண்ணை வச்சு பவளப்பாறையில நூறு வருஷத்துக்கு முந்தின கடல் சூட்டையே கண்டுபிடிக்கிறாங்க தெரியுமான்னாரு. அன்னிக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சவதான். முதல்ல மாட்டின பெரிய கட்டுரை 1997ல சயன்ஸ் பத்திரிகையில வந்தது, கிறிஸ்டோபர் சார்லஸ், டெலியா ஹண்டர், ரிச்சர்ட் ஃபேர்பேங்க்ஸ்னு மூணு பேர் எழுதினது. அவங்க அளந்த பவளக்கல்லு, எங்க ஊர்ல முருகைக்கல்லுன்னு சொல்லுவோம், அதை எடுத்த இடம் எதுன்னு பார்த்தா செஷல்ஸ், மாஹே தீவு, போ வல்லோன் விரிகுடா. அண்ணன் வீட்டுல இருந்து ஒரு மலையை ஏறி இறங்குனா போ வல்லோன். அதுக்கப்புறம் எப்படி வராம இருக்க முடியும்.

செப்டம்பர் 7, சனி. விக்டோரியா

இன்னிக்கு விநாயகர் சதுர்த்தி, நான் மறந்தே போயிட்டேன், மைனிதான் அஞ்சரைக்கு எழுப்பி விட்டாங்க. அவங்க சேலையை கட்டிக்கிட்டு விக்டோரியா டவுனுக்குள்ள இருக்குற நவசக்தி விநாயகர் கோவிலுக்குப் போனோம். கலர் கலரா கோபுரம், பக்கத்துலயே கடைத்தெரு, பின்னாடி சுவர் மாதிரி நிமிர்ந்து நிக்குற கருங்கல் மலை, மலை மேல மேகம். காத்து நல்லா அடிக்குது, வெயிலே உறைக்கல, 27 டிகிரிதான் இருக்கும். செப்டம்பர்ல இங்க தென்கிழக்குக் காத்து, கடலும் குளிர்ந்து கிடக்குற காலம்னு அண்ணன் சொன்னாரு.

கூட்டத்துல பாதிக்கு மேல நம்ம ஊர்ல இருந்து வேலைக்கு வந்தவங்க. மீதிப் பேரு இங்கயே தலைமுறை தலைமுறையா இருக்குறவங்க. எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்த அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும், பேருக்குப் பின்னாடி பிலேன்னு வருது, நம்ம பிள்ளைதான் அப்படி ஆகியிருக்கு. தமிழ் ஒரு வார்த்தை வராது, வீட்டுல இந்த ஊரு கிரியோல் பாஷைதான், ஆனா தைப்பூசக் காவடிக்கு வருஷம் தவறாம விரதம் இருப்பாங்களாம். கொழுக்கட்டையை வாழையிலையில வச்சு என் கையில கொடுத்துட்டு, நான் ஒரு வாய் வைக்குற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. உப்பு சரியா இருக்கான்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. சரியா இருக்கும்மான்னு நான் தமிழ்லயே சொன்னேன், புரிஞ்ச மாதிரி சிரிச்சாங்க.

1770ல இந்தத் தீவுக்கூட்டத்துல முதல் முதல்ல குடியேறின முப்பது பேருக்கும் குறைவான கூட்டத்துலயே அஞ்சு பேரு தென்னிந்தியாவுல இருந்து வந்தவங்களாம், எதுத்தாப்புல தெரியுற செயின்ட் ஆன் தீவுலதான் இறங்கியிருக்காங்க. அந்தம்மாவோட முன்னோர் எப்ப வந்தாங்கன்னு கேட்டேன், தெரியலன்னாங்க, பேர் மட்டும்தான் மிச்சம்னாங்க. எனக்கு அது ரொம்ப நேரம் மனசுல நின்னுச்சு.

மதியம் மார்க்கெட். செல்வின் கிளார்க் மார்க்கெட்னு பேரு, நம்ம பழைய மீன் மார்க்கெட்ல கால்வாசி கூட இல்ல, ஆனா மீன் மேசைகளுக்கு நடுவுல வெள்ளைக் கொக்குங்க சர்வசாதாரணமா நடக்குது, வெட்டுறவர் குடலைப் போடப்போட கொத்திக்கிட்டு போகுது. இங்க அதுக்கு மதாம் பத்தோன்னு பேரு. செம்மீன் மாதிரி சிவப்பா ஒரு மீன், பூர்ஸ்வான்னு சொல்றாங்க, நம்ம சங்கரா குடும்பம்தான். விலையெல்லாம் கண்ணைக் கட்டுது, இங்கத்த ஒரு ரூபா நம்ம காசுல ஆறு ரூபா, ஒரு கட்டு கீரை வாங்க மைனி யோசிச்சு யோசிச்சு வாங்குனாங்க.

செப்டம்பர் 8, ஞாயிறு. போ வல்லோன்

ஞாயித்துக்கிழமை பஸ்ஸு ரொம்பக் கம்மின்னு யாரும் சொல்லல. ஸ்டாப்புல முக்கால் மணி நேரம் நின்னேன், வரல, சரின்னு நடந்தே போயிட்டேன். மலைப்பாதை, ஓரத்துல நடைபாதை கிடையாது, வளைவுல கார் வந்தா செவத்தோட ஒட்டி நிக்கணும். ஏறும்போது மழை பிடிச்சுக்கிச்சு, பத்து நிமிஷம் கொட்டிட்டு நின்னுருச்சு. ரோட்டோரமெல்லாம் லவங்கப்பட்டை மரம் காடா வளர்ந்து கிடக்குது, மழை பட்டதும் ஒரு வாசம், பிரியாணிக்கு தாளிக்குற அடுப்படிக்குள்ள நுழைஞ்ச மாதிரி. ஒரு வீட்டு வாசல்ல உக்காந்திருந்த பெரியவர் என்னைப் பார்த்து போன்சூர்ன்னாரு, நானும் போன்சூர்ன்னேன், உடனே ஒரு தகரக் குவளையில தண்ணி கொடுத்தாரு. இங்க எதிர்ல வர்ற எல்லாருக்கும் வணக்கம் சொல்லணும், சொல்லாம போனா மரியாதை இல்லாதவங்கன்னு நெனப்பாங்களாம்.

மேட்டுல இருந்து இறங்கும்போது மரத்துக்கு நடுவுல கடல் தெரிஞ்சுச்சு. நான் ரெண்டு வருஷமா வரைபடத்துல மட்டும் பார்த்த வளைவு. அந்தப் பக்கம் தென்கிழக்குக் காத்து மலையில தடுத்துருது, அதனால தண்ணி குளம் மாதிரி கிடந்துச்சு. நான் அப்படியே ரோட்டோரமா உக்காந்துட்டேன்.

இந்தக் கடலுக்குள்ளதான் அந்தக் கல்லு இருந்துச்சு. அதுல 1847ல ஆரம்பிச்சு 1990கள் நடு வரைக்கும் கிட்டத்தட்ட நூத்தம்பது வருஷக் கணக்கு இருக்கு. அந்தக் காலத்துல இந்தப் பக்கத்துக் கடல் சூட்டை யாரு அளந்திருப்பா? எப்பவாச்சும் ஒரு கப்பல் வந்தா, கித்தான் வாளியைக் கயித்துல கட்டி இறக்கி, தண்ணி மொண்டு தெர்மாமீட்டர் வச்சுப் பார்ப்பாங்க, மேல தூக்குறதுக்குள்ள காத்து பட்டு ஆறி அதுவும் ஒரு அளவு தப்பா வரும், அதையும் ஒரு மாசம் எழுதியிருப்பாங்க, அடுத்த ஏழெட்டு மாசம் ஒன்னுமே இருக்காது. இந்த முருகைக்கல்லுதான் ஒரு மாசம் விடாம எழுதி வச்சிருக்கு.

எப்படின்னா, போரைட்டிஸ்னு ஒரு வகை, பாறாங்கல்லு மாதிரி உருண்டையா வளரும். உசிரு இருக்குறது வெளித்தோல்ல சில மில்லிமீட்டர் மட்டும்தான், கீழ இருக்குறதெல்லாம் அது கட்டிக் கட்டி விட்டுட்டு மேல வந்த சுண்ணாம்பு வீடு. வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் பக்கம் ஏறும். துண்டு போட்டு எக்ஸ்ரே எடுத்தா மரத்துல வளையம் தெரியுற மாதிரி வெளுப்பும் கறுப்புமா பட்டை தெரியும், ஒரு ஜோடி பட்டை ஒரு வருஷம். இது வருஷக் கணக்குதான்னு 1972ல உறுதி பண்ணுன இடம் பசிபிக்ல எனிவெட்டோக் தீவு, அமெரிக்கா அணுகுண்டு வெடிச்சுப் பார்த்த இடம். எந்தெந்த வருஷம் குண்டு போட்டாங்களோ அந்தந்தப் பட்டைக்குள்ள கதிரியக்கம் இருந்துச்சு, எண்ணிப் பார்த்தா வருஷம் அச்சா பொருந்துச்சு. அந்தக் கொடுமையையும் கல்லு எழுதித்தான் வச்சிருக்கு.

மத்தியானம் கடற்கரை வண்டிக்கடையில ஆக்டோபஸ் கறி, தேங்காப்பால்ல, லவங்க இலை போட்டு, சோறோட நூறு ரூபா. நான் ஆக்டோபஸ் சாப்பிட்டதே இல்ல, ரப்பர் மாதிரி இருக்கும்னு பயந்தேன், அப்படியே கரையுது. கடைக்கார அக்கா அடிச்சு அடிச்சு மெதுவாக்கித்தான் வேக வைப்போம்னாங்க. ஈரப்பலா சிப்ஸ் ஒரு பொட்டலம் சும்மா வச்சாங்க.

திரும்பவும் பஸ்ஸு வரல. அண்ணன் வந்து கூட்டிட்டு போனாரு.

செப்டம்பர் 9, திங்கள்

பெட்டி வந்துருச்சு. சக்கரம் ஒன்னு உடைஞ்சிருக்கு, லென்ஸ் பத்திரமா இருக்கு. நாள் பூரா மழையும் காத்தும், வெளிய போகல. மைனி புளிக்குழம்பு வச்சாங்க.

செப்டம்பர் 10, செவ்வாய். கடலுக்குள்ள

காலைல எட்டரைக்கு போ வல்லோன்ல இருந்து போட்டு. ஆளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபா, அண்ணன் கொடுத்துட்டாரு, நான் மறுத்தேன், கேக்கல. எட்டு பேரு, தீவோட மேற்கு முனையில பே தெர்னேன்னு ஒரு குடா, அங்க வாயில குழாய் வச்சு மிதந்து பார்க்குறது. எனக்கு நீச்சல் நல்லா வரும், கடக்கரைப் பிள்ளைதானே, ஆனாலும் கூட வந்த தம்பி என் பக்கத்துலயே வந்தான். அவன் கையில கடிகாரத்துல தண்ணிச் சூடு காட்டுச்சு, 26.

மேல மேல இருக்குற மான்கொம்பு மாதிரி பவளம் நெறைய செத்து, உடைஞ்சு, சல்லி மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு. சில இடத்துல புதுசா துளிர்த்தும் இருக்கு. நான் தம்பிகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன், எனக்கு உருண்டைக் கல்லுதான் வேணும்னு. கொஞ்ச நேரத்துல கையைப் பிடிச்சு இழுத்தான்.

மணல் தரையில, ஆள் ஆழத்துல, பழுப்பும் லேசா பச்சையும் கலந்த நிறத்துல ஒரு உருண்டை. உசுரோட இருக்கு. மேல கிளி மீன் கடிச்ச வெள்ளைக் கீறல், அங்கங்க சின்னச் சின்ன நீலப் புழு பூ மாதிரி விரிஞ்சிருந்துச்சு, நிழல் பட்டதும் டக்குன்னு உள்ள போயிருச்சு. தொடக்கூடாதுன்னு தெரியும், தொடல. கையை ஒரு முழம் தள்ளி வச்சு தண்ணிக்குள்ளயே ஜாண் போட்டு அளந்தேன், என் ஜாண் இருபது சென்டிமீட்டர். நாலு ஜாண் உயரம், கிட்டத்தட்ட எண்பது. அப்ப இதுக்கு எண்பது வயசு பக்கம்.

மேல இருந்து இருபத்தாறு சென்டிமீட்டர் கீழ 1998. அந்த வருஷம் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தை விட சூடாகுற காலம், இங்கயும் கடல் கொதிச்சுப் போயி உள் தீவுகளைச் சுத்தி உசிரோட இருந்த பவளத்துல 90 சதவீதத்துக்கு மேல வெளுத்து செத்துச்சு. இந்த உருண்டை தப்பிச்சிருக்கு. மூணு ஜாண் கீழ 1964, நம்ம தனுஷ்கோடி போன வருஷம். அதுக்கும் கீழ, மணலுக்குப் பக்கத்துல, எங்க ஆச்சி பிறந்த வருஷம் 1941 வரணும், அங்க கல்லே முடிஞ்சு போச்சு. மூச்சு முட்டுற வரைக்கும் அங்கயே மிதந்தேன். மாஸ்குக்குள்ள கண்ணுல தண்ணி, கடல் தண்ணியா என் தண்ணியான்னு தெரியல.

போட்டுல ஏறினதும் தம்பி கேட்டான், இந்தக் கல்லுல என்ன பார்க்குறீங்க அக்கான்னு. (அவன் சிஸ்டர்னுதான் சொன்னான், எனக்கு அக்கான்னுதான் கேட்டுச்சு.) எங்க ஊரு உப்பளத்தை வச்சே சொன்னேன். பாத்தியில தண்ணி கட்டி விட்டா வெயில்ல லேசான தண்ணி முதல்ல ஆவியாப் போகும், கனமானது நிக்கும். ஆக்ஸிஜன்ல லேசானது 16, கனமானது 18. ஆவி போகப் போக மிச்சத் தண்ணியில உப்பும் ஏறும், கனமான ஆக்ஸிஜனும் ஏறும், மழை பெய்ஞ்சா ரெண்டும் சேர்ந்து இறங்கும். முருகை அந்தத் தண்ணியை வச்சுத்தான் வீடு கட்டுது, அதனால தண்ணியோட ஆக்ஸிஜன் அப்படியே கல்லுக்குள்ள வந்துரும். ஆனா கடல் சூடு ஒரு டிகிரி ஏறினாலும் கல்லுக்குள்ள போற கனமான ஆக்ஸிஜன் ஆயிரத்துல 0.2 பங்கு குறையும். இதுதான் சிக்கல், எண்ணு மாறினா அது சூட்டாலயா, மழையாலயா? ஒரு சமன்பாடு, ரெண்டு தெரியாத எண்ணு.

அங்கதான் என்னோட ஸ்ட்ரான்சியம் வருது. கடல்ல ஸ்ட்ரான்சியமும் கால்சியமும் லட்சக்கணக்கான வருஷம் தங்குற சாமான், மழை பெய்ஞ்சாலும் வெயில் அடிச்சாலும் ரெண்டுக்கும் உள்ள விகிதம் அவ்வளவா மாறாது. முருகை கால்சியம் எடுக்கும்போது கூடவே கொஞ்சம் ஸ்ட்ரான்சியமும் தவறி உள்ள போகும், ஆயிரம் கால்சியத்துக்கு ஒன்பது. குளிர்ல கொஞ்சம் கூட, சூட்டுல கொஞ்சம் குறைய. அப்ப ஸ்ட்ரான்சியத்தை வச்சு சூட்டைத் தெரிஞ்சுக்கிட்டு, அந்தச் சூட்டோட பங்கை ஆக்ஸிஜன் எண்ணுல இருந்து கழிச்சா, மிச்சம் நிக்குறது உப்பு. நூறு வருஷத்துக்கு முன்னாடி அந்த மாசம் அந்தக் கடல்ல மழை பெய்ஞ்சுதா, ஆத்துத் தண்ணி வந்துதா, எல்லாம் அந்த மிச்சத்துல இருக்கு.

சொல்றப்ப சுலபமாத்தான் இருக்கு. அந்த ஒன்பதுல ஒரு டிகிரிக்கு மாறுறது 0.06தான், நூத்துல ஒரு பங்கு கூட இல்ல. எங்க லேப்ல அஞ்சு சதவீதம் முன்னப்பின்ன வந்தா பாஸ் போட்டுருவோம், இங்க அஞ்சு சதவீதம் தப்புனா ஏழு டிகிரி தப்பு, கடலே வேற கடல். அதனால ஒவ்வொரு சில சாம்பிளுக்கும் நடுவுல ஸ்டாண்டர்டை, அதாவது அளவு முன்னாடியே தெரிஞ்ச கரைசலை, ஓட விட்டு, மெஷின் நகர்ந்த நகர்வைக் கழிச்சுக்கிட்டே வருவாங்க. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு என் மெஷின் மேலயே ஒரு மரியாதை வந்துச்சு.

போ வல்லோன் கட்டுரையில ஆக்ஸிஜனை வச்சுத்தான் பார்த்திருக்காங்க, இந்தப் பக்கத்துல உப்பு பெருசா ஏறி இறங்காததால அது முக்கியமா சூட்டைத்தான் காட்டுது. கல்லுல ஓட்டை போடுறது எப்படின்னு தம்பி கேட்டான். தண்ணிக்கடியில துளைக்குற மெஷினோட முக்குளிச்சு இறங்கி, சில சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல இருந்து நேரா குழாய் மாதிரி எடுப்பாங்க, எடுத்த ஓட்டையை சிமெண்ட் வச்சு அடைச்சுருவாங்க, சில வருஷத்துல முருகை அது மேல வளர்ந்து மூடிரும். அப்புறம் பலகை மாதிரி அறுத்து, எக்ஸ்ரே எடுத்து, வளர்ற திசையிலேயே ஒரு மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டரா பொடி சுரண்டி எடுப்பாங்க, ஒரு மில்லிமீட்டர்னா ஒரு மாசம் சொச்சம். தம்பி ரொம்ப நேரம் பேசல. அப்புறம், வலிக்குமா அதுக்குன்னு கேட்டான். எனக்கு பதில் தெரியல.

ராத்திரி தூக்கம் வரல. ஆச்சி சின்ன வயசுல சொல்லுவாங்க, அவங்க ஆச்சிக்கு ஆச்சி தாது வருஷப் பஞ்சத்துல புளியங்கொட்டையை வறுத்து ஊறப் போட்டு இடிச்சுத் தின்னு பொழைச்சாங்கன்னு. மூணு பிள்ளைல ரெண்டு போயிருச்சாம். தாது வருஷம்னா 1876-77. அந்த வருஷம் மழை பொய்ச்சு, அடுத்த வருஷமும் பொய்ச்சு, கூடவே பெரிய எல் நினோ, சென்னை மாகாணத்துல லட்சம் லட்சமா ஜனங்க செத்தாங்க. எல் நினோ வந்தா இந்த மேற்குப் பக்கத்து இந்தியப் பெருங்கடலும் சூடேறும், அது கல்லுல பதியும், அந்தக் கட்டுரையே எல் நினோவுக்கும் நம்ம பருவமழைக்கும் உள்ள தொடர்பு பத்தினதுதான். ஒத்தக் கல்லுல ஒத்த வருஷப் புள்ளியை வச்சு கதை கட்டக்கூடாது, கல்லுக்கு அந்த வருஷம் மேலு சரியில்லாம இருந்தாலும் எண்ணு மாறும், நாலு கல்லு ஒரே மாதிரி சொன்னாத்தான் நம்பணும், அது எனக்குத் தெரியும். ஆனா ஆச்சியோட ஆச்சிக்கு ஆச்சி புளியங்கொட்டை இடிச்ச அதே மாசம் இந்தக் குடாவுல ஒரு முருகை ஒரு மில்லிமீட்டர் கட்டியிருக்கு, அதைப் பொடியாக்கி ஒருத்தங்க அளந்திருக்காங்க. அந்தப் பஞ்சத்துல போன ரெண்டு பிள்ளைங்க பேரு எங்க குடும்பத்துல யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 11, புதன். மறுபடி போ வல்லோன்

புதன்கிழமை சாயங்காலம் கடற்கரை ரோட்டுல பஜார் லப்ரின்னு சந்தை. மீன் சுடுற புகை, டிரம் சத்தம், குழந்தைகளெல்லாம் மணல்ல. லதோப்னு ஒரு இனிப்பு வாங்குனேன், வாழைப்பழத்தைத் தேங்காப்பால்ல வெனிலாவும் ஜாதிக்காயும் போட்டு வேக வச்சது, நாப்பது ரூபா, திரும்ப ஒன்னு வாங்குனேன்.

சந்தைக்கு முன்னாடி கடற்கரை ஓரத்துல நடந்தேன். அலை ஒதுக்கின முருகைத் துண்டு ஒன்னு, உள்ளங்கை அளவு, வெயில்ல காய்ஞ்சு வெள்ளையா கிடந்துச்சு. லென்ஸை வச்சுப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு சொரசொரன்னு இருக்குறது லென்ஸுல குட்டிக் குட்டிக் கிண்ணமா தெரியுது, ஒவ்வொன்னும் கடுகை விட சின்னது, ஒன்னோட ஒன்னு செவரைப் பகிர்ந்துக்கிட்டு தேன்கூடு மாதிரி, கிண்ணத்துக்குள்ள இருந்து நடுவை நோக்கி மெல்லிசுத் தடுப்புங்க, சுண்ணாம்புல நெய்த கோலம். ஒவ்வொரு கிண்ணமும் ஒரு உசிரு இருந்த வீடு. உடைஞ்ச பக்கத்துல லேசா கோடு கோடா தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, எக்ஸ்ரே இல்லாம உறுதியா சொல்ல முடியாது.

வலை பிரிச்சுக்கிட்டிருந்த ஒரு தாத்தா பார்த்துட்டு, அதை ஊருக்கு எடுத்துட்டு போகக்கூடாதுன்னு சொன்னாரு. தெரியும் ஐயா, பார்த்துட்டு வச்சுருவேன்னேன். பக்கத்துல உக்கார வச்சு பேசுனாரு. அவரோட தாத்தா காலத்துல முருகையை சுட்டு சுண்ணாம்பு எடுப்பாங்களாம், வீடு பூசுறதுக்கு. எங்க ஊருலயும் அதேதான்னு சொன்னேன். அவர் தலையாட்டிட்டு, நான் பையனா இருந்தப்ப ஆழமில்லாத இடத்துல கால் வைக்க மணல் தேடணும், அவ்வளவு பவளம், இப்ப எங்க வேணா கால் வைக்கலாம்னாரு.

அதுக்கு மேல நான் என்ன சொல்ல. மன்னார் வளைகுடாவுல இருந்த 21 தீவுல ரெண்டு, பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும், தண்ணிக்குள்ள போயிருச்சு. சுத்தி இருந்த முருகைப் பாறையை வெட்டி வெட்டி எடுத்ததுல அலையைத் தடுக்க ஒன்னுமில்லாம கரைஞ்சு போச்சு. 2001ல பவளத்தை வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில சேர்த்ததுக்கு அப்புறம்தான் வெட்டு நின்னுச்சு. அகமதாபாத் பிசிக்கல் ரிசர்ச் லேபரட்டரிக்காரங்க லட்சத்தீவு கல்பேனியில கல்லு எடுத்து 1990கள்லயே பருவமழைக் குளிர்ச்சியைப் படிச்சிருக்காங்க, மடகாஸ்கர்ல இஃபாட்டிங்குற இடத்துல ஒரு கல்லு 1659ல இருந்து கணக்கு வச்சிருக்கு. எங்க கடல்லயும் அப்படி எத்தனை கல்லு இருந்திருக்கும். அதையெல்லாம் சூளையில போட்டு சுட்டு, செவத்துல பூசி, வெத்திலையில தடவித் தின்னுட்டோம். வயித்துப் பாட்டுக்கு வெட்டினவங்க மேல எனக்குக் கோபமில்ல, அவங்களுக்கு யாரும் சொல்லல. தெரிஞ்சவங்க சொல்லியிருக்கணும்.

துண்டை எடுத்த இடத்துலயே வச்சுட்டு வந்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

கிளம்புற நாள். மைனி ஈரப்பலா சிப்ஸும் லவங்கப்பட்டையும் கட்டிக் கொடுத்தாங்க. "ஏட்டி, அடுத்த தடவை கல்லைப் பார்க்க வராத, எங்களைப் பார்க்க வா"ன்னு சொல்லி அழுதாங்க, நானும் அழுதேன். ஏழு நாள்ல பாதி நாள் நான் கடலையேதான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன், அது எனக்கு உறுத்துது.

செப்டம்பர் 15, ஞாயிறு. தூத்துக்குடி

வீட்டுக்கு வந்து ஒரு நாள் பூரா தூங்கிட்டு, இன்னிக்கு ஆச்சியைப் பார்க்கப் போனேன். வெயில் மண்டையைப் பொளக்குது. ஆச்சிக்கு லவங்கப்பட்டை கொடுத்தேன், மோந்து பார்த்துட்டு, இது காரமான பட்டை, கறிக்கு ஆகும்னாங்க.

வீட்டுக்குப் பின்னாடி கிணத்தடிச் செவுரு பூச்சு உதிர்ந்து கிடக்கும், சின்ன வயசுல அங்க சாய்ஞ்சுதான் குளிக்க வச்சு விடுவாங்க, முதுகு சிராய்க்கும். லென்ஸோட போனேன். அதே கிண்ணம், அதே தடுப்பு. உப்பு பூத்து, பாசி பிடிச்சு, ஓரத்துல நீலச் சுண்ணாம்பு ஒட்டிக்கிட்டு, ஆனா அதே கோலம்தான். ஒரு கல்லு மட்டும் மேல் வளைவு உடையாம முழுசா இருக்கு, ஸ்கேல் வச்சு அளந்தேன், மேல இருந்து கீழ 14 சென்டிமீட்டர்.

இது எப்ப கட்டினது ஆச்சின்னு கேட்டேன். எங்க கல்யாணத்துக்கு முந்தின வருஷம், உங்க தாத்தாவோட ஐயா கட்டினது, கல்லு முயல் தீவுப் பக்கமிருந்து வள்ளத்துல வந்துச்சுன்னாங்க. கல்யாணம் 1961. அப்ப உசுரோட வெட்டின கல்லா இருந்தா மேல் ஓரம் 1960, கீழ் ஓரம் 1946 பக்கம்.

அடுத்த வாரம் கொத்தனார் வர்றாரு, செவுரு முழுக்க சிமெண்ட் பூச. அந்தக் கல்லு இருக்குற ஒரு ஜாண் இடத்தை மட்டும் பூசாம விடுங்கண்ணேன்னு போன்ல சொல்லியிருக்கேன். மறந்துருவாரோன்னு கரித்துண்டால சுத்தி கட்டம் போட்டு வச்சுட்டு வந்தேன்.